என் தம்பிக்குப் போட்ட இலை

எங்கள் பக்கத்தில் கல்யாணம் ஆகாமல் செத்துப்போனவனுக்கு வருசத்துக்கு ஒரு நாள் கறி சமைத்துப் படைப்பார்கள். அந்தச் சமையலை அவனுடைய உடன்பிறந்தவள்தான் செய்ய வேண்டும். அதுவும் வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொண்டு செய்ய வேண்டும். மூச்சு படக்கூடாது, ருசி பார்க்கக் கூடாது, முகர்ந்துகூடப் பார்க்கக் கூடாது. செத்தவன் வாயில் படுவதற்கு முன்னால் உயிரோடு இருப்பவர் வாயில் பட்டுவிட்டால் அது எச்சில். எச்சிலை அவன் தொடமாட்டான். தொடாவிட்டால் அடுத்த வருசம் வரைக்கும் பட்டினிதான்.

எனக்குச் சமையலில் கொஞ்சம் கர்வம் உண்டு. இல்லையென்று பொய் சொல்லமாட்டேன். என்னை உள்ளூரில், இரண்டு தெரு தள்ளித்தான் கட்டிக் கொடுத்திருந்தார்கள். புகுந்த வீட்டில் என் நடையைக் குறை சொன்னார்கள், பேச்சைக் குறை சொன்னார்கள், குழம்பைக் குறை சொன்னவர் யாரும் இல்லை. அப்படிப்பட்டவளை ருசி பார்க்காமல் சமைக்கச் சொல்வது, கண்ணைக் கட்டிக்கொண்டு கோலம் போடச் சொல்வது மாதிரி. ஆனாலும் தம்பிக்காகச் செய்தேன். எனக்கு இருந்தது அவன் ஒருவன்தான்.

என்னைவிட ஆறு வயது இளையவன். காரைக்குடியில் ஒரு செட்டியார் வீட்டு அடுப்படியில் வேலைக்குச் சேர்ந்தான். அங்கிருந்து அவர்களுடைய சைகோன் கிட்டங்கிக்குச் சமையலாளாகப் போனான். கிட்டங்கி என்றால் கடையும் குடியிருப்பும் ஒன்றாக இருக்கிற நீளமான கட்டடம் என்று அவனே சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். எங்கள் ஊருக்கு ரயில் வராத காலம். மாட்டுவண்டியில் ஏறிப் போனவன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான். இரண்டு வருசம் கழித்து செட்டியார் வீட்டுக் கணக்கப்பிள்ளை ஒரு கடிதத்தோடு வந்தார். அம்மை கண்டு இறந்துவிட்டான், அங்கேயே தகனம் செய்துவிட்டோம் என்று அதில் இருந்தது.

ஆத்தா, என்னைப் பெற்றவள், அப்போது அழவில்லை. "அம்மைக்காரனுக்கு யாரு கறி போட்டிருப்பா? எம்புள்ள பசியோடயில்ல போயிருக்கான்" என்றாள். அந்த ஒரு வார்த்தையையே மூன்று நாள் சொல்லிக்கொண்டிருந்தாள். உடம்பு இல்லாமலே கருமாதி நடந்தது. அடுத்த தை மாதத்திலிருந்து நான் வாயைக் கட்டிக்கொண்டு அடுப்பின் முன்னால் உட்கார ஆரம்பித்தேன்.

அவனுக்குப் பிடித்தது இடியாப்பமும் எங்கள் வீட்டுக் கறிக்குழம்பும். இந்தக் குழம்புக்கு அவசரம் ஆகாது. காலையில் கறி வந்ததும் எலும்போடு நறுக்கி மஞ்சள் தடவி வைத்துவிட வேண்டும். மிளகாய், மல்லி, சீரகம், சோம்பு, மிளகு, கொஞ்சம் கல்பாசி, ஒரு பிடி அரிசி எல்லாவற்றையும் தனித்தனியாக வறுத்து அம்மியில் அரைக்க வேண்டும். நல்லெண்ணெயில் சின்ன வெங்காயமும் பூண்டும் சுருளச் சுருள வதக்கி, கறியைப் போட்டுப் பிரட்டி, மசாலாவைக் கரைத்து ஊற்றி, மண்சட்டியை மூடி, உமி அடுப்பில் ஏற்றிவிட்டால் பொழுது சாயும் வரைக்கும் அது தானாகக் கிடந்து முனக வேண்டும். எண்ணெய் மேலே மிதந்து, கறி எலும்பை விட்டு நழுவும்போது தேங்காயும் கசகசாவும் அரைத்து விட வேண்டும். உப்பு கடைசியில்தான்.

முதல் இரண்டு வருசமும் குறை இல்லாமல் நடந்தது. மூன்றாவது வருசம் நடந்ததைத்தான் சொல்ல வந்தேன்.

அன்றைக்குக் காலையிலிருந்தே எனக்கு மனசு சரியில்லை. குழம்பு கொதிக்கும்போது ஒரு சத்தம் வருமே, அது அன்றைக்கு யாரோ பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகப் பேசுவதுபோல் இருந்தது. இரண்டு முறை திரும்பிப் பார்த்தேன். சாயங்காலம் கல் உப்பைக் கையில் அள்ளியது நன்றாக நினைவிருக்கிறது. போட்டது நினைவில்லை. வாய் கட்டியிருந்ததால் சரிபார்க்கவும் வழியில்லை.

விளக்கு வைக்கிற நேரத்தில் நடுவீட்டில் இலை போட்டேன். இடியாப்பத்தை அடுக்கி, மேலே குழம்பை ஊற்றி, நல்ல எலும்புத் துண்டுகளாகப் பார்த்து ஓரத்தில் வைத்தேன். பிறகு நடுவீட்டுக் கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் தெருவாசலில் முதுகு காட்டி நின்றோம். ஆத்தா, சித்தப்பா, என் வீட்டுக்காரர், நான். கொல்லைக் கதவை மட்டும் தாழ் போடக் கூடாது. அவன் அந்த வழியாகத்தான் வருவான். உள்ளே பல்லி சொன்னால் அவன் சாப்பிட்டு எழுந்துவிட்டான் என்று பொருள். அதற்கப்புறம்தான் கதவைத் திறக்க வேண்டும்.

அன்றைக்குப் பல்லி சொல்லவில்லை. ரொம்ப நேரம் நின்றோம். வேப்பமரத்துக் காக்கைகள் அடங்கிவிட்டன. அப்போது உள்ளே இருந்து ஒரு சத்தம் வந்தது. எலும்பை வாயில் வைத்து உறிஞ்சுகிற சத்தம்.

சித்தப்பா ஊரில் பெரிய சண்டியர் என்று பெயர் வாங்கியவர். அவர் என் வீட்டுக்காரரின் தோளைப் பிடித்துக்கொண்டார். ஆத்தா மட்டும், "வந்துட்டான்" என்று சொல்லிவிட்டு, சத்தம் அடங்கிக் கொஞ்ச நேரம் ஆனதும் நேரே போய்க் கதவைத் திறந்தாள்.

இலைக்கு முன்னால் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான். எலும்பும் தோலுமாக இருந்தான். முகம் முழுவதும் அம்மைத் தழும்பு. இடது கண்ணில் பூ விழுந்திருந்தது. பக்கத்தில் ஒரு தகரப் பெட்டி. அது என் தம்பி கப்பலுக்குக் கொண்டுபோன பெட்டி. கையில் இருந்த இடியாப்பத்தை வாய்க்குக் கொண்டுபோகாமல் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு, கடைசியில் என்னைப் பார்த்துச் சொன்னான்.

"அக்கா, கொழம்புல உப்பு இல்லையே."

பயம் அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது வெட்கம். என் குழம்பை ஒருவன் குறை சொல்கிறான், அதுவும் சரியாகச் சொல்கிறான். அவன் செத்தவனா இருக்கிறவனா என்று நினைப்பதற்கு முன்னாலேயே என் கை உப்பு மரவையைத் தேடியது. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அப்போது அப்படியே நின்றேன்.

ஆத்தா போய் அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். ஆத்தா அவனைப் பேச விடவில்லை. "பசியோட வந்திருக்கான், திங்கட்டும். யாரும் ஒண்ணும் கேக்காதீக" என்றாள்.

சித்தப்பா கேட்காமல் இருப்பாரா? அரிவாளைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார். பிடித்தான். கல் உப்பை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். விளக்கைத் தூக்கிக் காட்டி நிழல் விழுகிறதா, கால் தரையில் பாவுகிறதா என்று பார்த்தார். நிழலும் விழுந்தது, காலும் பாவியது. "பேயில்லைண்டு தெரியுது. ஆனா இவன் நம்ம பயதானாண்டு யாரு சொல்றது?" என்றார். அம்மை கண்ட முகத்தில் யார் முகத்தைத் தேடுவது? உயரம் கொஞ்சம் கூடியிருந்தது. நிறம் அதே நிறம். நாலைந்து வருசம் பார்க்காத பையன் வளர்ந்து ஆளாகி வந்தால் இப்படியும் இருக்கலாம், இப்படி இல்லாமலும் இருக்கலாம்.

செட்டியார் வீட்டில் சொல்லி சைகோனுக்குக் கடிதம் எழுத வைத்தார் சித்தப்பா. அதற்குப் பதில் வர மாதக்கணக்கு ஆனது. வந்த பதிலும் குழப்பத்தைத்தான் கூட்டியது. அந்த வருசம் சமையலாள் இரண்டு பேருக்கு அம்மை, இரண்டு பேரும் ஒரே கொட்டகையில் கிடந்தார்கள், ஒருவன் இறந்தான், மற்றவன் எழுந்து எங்கேயோ போய்விட்டான், அப்போது இருந்த மேலாள் இப்போது இங்கே இல்லை என்று எழுதியிருந்தார்கள். பெயர் மாறிப்போயிருக்கும் என்று ஊரே சொன்னது. நானும் அப்படித்தான் நினைக்க ஆசைப்பட்டேன்.

அதற்கிடையில் ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். கருமாதி செய்த ஆள் திரும்பி வந்தால் என்ன செய்வது என்று அவர்களுக்குத் தெரியும். அதற்கு வழக்கம் இருந்தது. தனக்குப் போட்ட படையலைத் தானே உட்கார்ந்து தின்றவனை என்ன செய்வது என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் ஒரு மண்டலம் மாட்டுக்கொட்டத்தில் இருக்கட்டும், யாரும் தொட வேண்டாம், அப்புறம் குன்றக்குடியில் மொட்டை போட்டு, பிள்ளைக்குப் பெயர் வைப்பதுபோல் மறுபடி பெயர் வைத்து, அக்காக்காரி கையால் அதே குழம்பை உப்புப் போட்டுச் சமைத்து, எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டால் அவன் உயிரோடு இருப்பவர்களில் சேர்ந்துவிடுவான் என்று முடிவு செய்தார்கள்.

அந்த நாற்பத்தெட்டு நாளும் சோறு கொண்டுபோனது நான்தான். போகும்போதெல்லாம் அவனைக் கவனித்தேன். நீ என் தம்பியா என்று நேரே கேட்க எனக்குத் தைரியம் இல்லை. ஆமாம் என்று சொன்னாலும் நம்பியிருக்க மாட்டேன், இல்லை என்று சொன்னால் தாங்கியிருக்க மாட்டேன்.

அவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. நான் சின்ன வயதில் உலக்கையைக் காலில் போட்டுக்கொண்டது தெரிந்தது. செவலைப் பசுவுக்கு ஒரு கொம்பு வளைந்திருந்தது, அப்பா சாகும்போது மழை பெய்தது, என் கல்யாணத்தில் தம்பி மாப்பிள்ளையைக் கடித்தது, எல்லாம் தெரிந்தது. இவன் என் தம்பிதான் என்று எனக்கு மனசு நிறையும். உடனே அவன் எழுந்து வெளியே வருவான். கொட்டத்து வாசல் நிலை தணிவு. அதில் படீரென்று நெற்றியை இடித்துக்கொள்வான். தினமும் இடித்துக்கொள்வான். அந்தக் கொட்டத்தில் பிறந்து வளர்ந்த மாதிரி இருந்தவன் என் தம்பி. இருட்டில் ஓடினாலும் அந்த இடத்தில் அவன் தலை தானாகக் குனியும். ஊரை விட்டுப் போனவன் கதையெல்லாம் சொல்லுவான், நிலை தணிவாக இருக்கும் என்று யாரிடமாவது சொல்லுவானா? இந்த நினைப்பு வந்த நாளில் நான் சோற்றுச் சட்டியை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

ஆத்தாவிடம் மெல்லச் சொல்லிப் பார்த்தேன். "நெலையில இடிச்சுக்கிறான் ஆத்தா."

"வளந்துட்டான்ல" என்றாள். சொல்லிவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

கொட்டத்தில் இருந்து அவன் வெளியே வந்த நாள் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. குன்றக்குடிக்குப் போய் மொட்டை போட்டு மத்தியானத்துக்குள் திரும்பிவிட்டார்கள். முறத்தில் நெல்லைப் பரப்பி அவனை அதன் முன்னால் உட்கார வைத்து, சித்தப்பா அவன் காதில் என் தம்பியின் பெயரை மூன்று முறை சொன்னார். வளர்ந்த ஆள் பச்சைப்பிள்ளை மாதிரி உட்கார்ந்து பெயரை வாங்கிக்கொண்டான். அவன் அந்த நேரம் பூராவும் தலையைத் தூக்கவே இல்லை.

நான் அடுப்பில் இருந்தேன். அன்றைக்கு வாய்க்கட்டு இல்லை. மூன்று வருசத்து ஆத்திரத்தையும் சேர்த்துத் தீர்த்துக்கொண்டேன். மசாலாவை நக்கிப் பார்த்தேன், குழம்பை உள்ளங்கையில் விட்டுப் பார்த்தேன், உப்பை மூன்று தவணையாகப் போட்டு மூன்று தடவையும் பார்த்தேன். அப்படி ஒரு குழம்பு அதற்கு முன்னாலும் நான் வைத்ததில்லை, பின்னாலும் வைத்ததில்லை.

இடியாப்பத்துக்கு மாவு பிசையப் போனபோது அவன் அடுப்படி வாசலில் வந்து நின்றான். கையில் ஒரு நீளப் பொட்டலம். தகரப் பெட்டியிலிருந்து எடுத்தது. பிரித்தால் உள்ளே வைக்கோல் நிறத்தில் முழ நீளக் குச்சிகள். "கோதுமையில செஞ்சது. சைகோன்ல பிரெஞ்சுக்காரன் கடையில விப்பான். அங்க இடியாப்ப உரலு கெடையாதுல்ல. இதைத்தான் அவிச்சு நம்ம கொழம்பை ஊத்தித் திம்போம்" என்றான். அதற்கு ஸ்பகெட்டி என்று பெயர் என்பது எனக்கு ரொம்பக் காலம் கழித்துத்தான் தெரிந்தது. அன்றைக்கு அது எங்களுக்குக் குச்சி.

எனக்கு இஷ்டமில்லை. ஆத்தாதான், "எம்மகன் அங்க என்னத்தைத் தின்னானோ அதை நானும் திங்கணும். அவிடி" என்றாள். பெரிய பானையில் தண்ணீரைக் கொதிக்க வைத்து அவன் சொன்னபடி உப்புப் போட்டு, குச்சிகளை நிறுத்தி வைத்தேன். கொஞ்ச நேரத்தில் அவை இடுப்பு வளைந்து, தாமாகவே தண்ணீருக்குள் இறங்கின. யாரோ ஒருவர் கால் மடங்கி விழுவதுபோல் இருந்தது. நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன்.

விளக்கு வைத்ததும் பந்தி. நடுவீட்டில், அதே இடத்தில். இலையில் அந்த வழுவழுப்பான நூலை வைத்துக் குழம்பை ஊற்றினால் குழம்பு ஒட்டாமல் ஓடியது. சித்தப்பா, "என்னத்தா இது, மழைக்கு வந்த மண்புழு கணக்கா நெளியுது" என்றார். எடுத்தால் கையில் நிற்கவில்லை. ஒரு முனையை வாயில் வைத்து அவர் உறிஞ்ச, மறுமுனை சுழன்று மீசையில் குழம்பை அடித்தது. எல்லோரும் சிரித்தார்கள். ஆத்தா சிரித்ததை அத்தனை வருசம் கழித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்த உறிஞ்சுகிற சத்தம் மட்டும் என் காதில் வேறு மாதிரி கேட்டது.

நான் குனிந்து அவனுக்கு இரண்டாம் கரண்டி ஊற்றிக்கொண்டிருந்தேன். அவன் கறித்துண்டைக் குழம்பில் புரட்டி வாயில் வைத்தான். மெல்லவில்லை. அப்படியே இருந்தான். நல்ல கண், பூ விழுந்த கண் இரண்டிலிருந்தும் தண்ணீர் இறங்கியது. தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல் வாய்க்குள் சொன்னான்.

"அவன் ஏன் அழுதாண்டு இப்பத்தான் தெரியுது."

அவன் நிமிர்ந்தான். என் முகத்தைப் பார்த்ததும் தான் வாய்விட்டுச் சொல்லிவிட்டது அவனுக்குத் தெரிந்துவிட்டது. பந்தியில் வேறு யாருக்கும் கேட்டதாகத் தெரியவில்லை. எதிர்வரிசையிலிருந்து ஆத்தா, "எப்படிய்யா இருக்கு? உப்புச் சரியா இருக்கா?" என்று கேட்டாள்.

"சரியா இருக்கு ஆத்தா" என்றான்.

கை கழுவப் போனவனைக் கொல்லையில் வழிமறித்தேன். "எந்தம்பி எங்க?" என்றேன். வேறு ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை.

அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். திருப்பத்தூர்ப் பக்கத்து ஆள். தாய் தகப்பன் கிடையாது. என் தம்பியோடு அதே அடுப்பில் வேலை பார்த்தவன். அம்மை கண்டு இருவரும் ஒரே கொட்டகையில் கிடந்தபோது என் தம்பி இரவும் பகலும் வீட்டைப் பற்றியே பேசியிருக்கிறான். கண் இரண்டும் மூடிப்போய், தண்ணீர்கூட இறங்காத நிலையில், அக்கா குழம்பு வைக்கிற விதத்தை ஆரம்பத்திலிருந்து முடிவுவரை சொல்லிச் சொல்லி அழுதிருக்கிறான். பெட்டியை வீட்டில் சேர்த்துவிடு என்று சொல்லிவிட்டுச் செத்துப்போனான். இவன் பிழைத்து, ரப்பர்த் தோட்டத்தில் கூலி வேலை பார்த்துக் கப்பலுக்குச் சேர்த்துக்கொண்டு, நாகப்பட்டினத்தில் இறங்கி, கடைசி இரண்டு நாள் ஒன்றும் சாப்பிடாமல் நடந்தே வந்திருக்கிறான்.

"கொல்லை வழியா வந்தாத்தான் வீடு தெரியும்ண்டு அவன் சொல்லியிருந்தான். வந்து கூப்பிட்டேன், தொண்டை காஞ்சு சத்தமே எழும்பலை. யாருமில்லை. இலை போட்டுக் கெடந்துச்சு. சத்தியமா யாருக்குப் போட்டதுண்டு எனக்குத் தெரியாது அக்கா. பசி. ஆத்தா வந்து தலையைப் பிடிச்சதும் எனக்கு வாயே வரலை. பொறந்ததுல இருந்து யாரும் அப்படிப் பிடிச்சதில்லை."

எனக்கு அவன்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. "தின்னதுதான் தின்னே, எலும்பை எதுக்குடா அப்படி உறிஞ்சினே? எங்க உசிரே போச்சு" என்றேன். அந்த நேரத்தில் போய் அதைக் கேட்டேன் பாருங்கள்.

அவன் என்னை விநோதமாகப் பார்த்தான். "நான் எங்க எலும்பைத் தொட்டேன்? வந்து உக்காந்தப்ப இடியாப்பமும் கொழம்புந்தான் இருந்துச்சு. எலும்பெல்லாம் ஓரத்துல வெள்ளையாக் கெடந்துச்சு. கறியே இல்லையே."

பூனையாக இருக்கும். எங்கள் தெருவில் பூனைக்குப் பஞ்சமில்லை. இத்தனை வருசமாக அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அப்போது கொல்லைக் கதவு எனக்குப் பின்னால் இருந்தது. அதைத் திரும்பிப் பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

நடுவீட்டில் ஆத்தா சிரித்துக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. உண்மையைச் சொன்னால் அந்தச் சிரிப்பு இன்றோடு போகும், ஆத்தாவும் கூடவே போவாள். சொல்லாவிட்டால் என் தம்பிக்கு இனி இலை கிடையாது. உயிரோடு இருக்கிறவன் பெயரில் படையல் போடுவது அவனைக் கொல்வதற்குச் சமம், அந்த வீட்டில் ஒருவரும் சம்மதிக்க மாட்டார்கள். பிறந்த வீட்டைத் தவிர வேறு எங்கே போட்டாலும் அவன் வரமாட்டான். இருக்கிறவளா, போனவனா என்று நான் நினைத்துப் பார்க்க எடுத்துக்கொண்டது ஒரு சொம்புத் தண்ணீர் வழிகிற நேரம். "எந்திரிச்சுப் போய் ஆத்தாகிட்ட உக்காரு" என்றேன்.

அவன் நல்லபடியாகத்தான் இருந்தான். அதையும் சொல்ல வேண்டும். வயலைப் பார்த்துக்கொண்டான், ஆத்தாவுக்கு வெந்நீர் போட்டான், கால் பிடித்துவிட்டான். என் தம்பி இருந்திருந்தால் அவ்வளவு செய்திருப்பானா என்பது சந்தேகம்தான். ஆனால் தை மாதத்தில் அந்த நாள் வந்தால் மட்டும் கோவிலூருக்குப் போகிறேன் என்று கிளம்பிவிடுவான். மடத்தில் படுத்திருந்துவிட்டு மறுநாள்தான் வருவான். நானும் யாருக்கும் தெரியாமல் ஒரு பிடி கறிச்சோற்றைக் கொண்டுபோய்க் கண்மாய்க் கரையில் வைத்துப் பார்த்தேன். சாதாரண நாளில் கையில் இருப்பதைப் பிடுங்குகிற காக்கைகள். அன்றைக்கு ஒன்றும் இறங்காது. மரத்தில் வரிசையாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கும். சோறு காய்ந்து போகும். நான் வீட்டுக்கு வந்து அழுவேன்.

அதே நாளில் ஆத்தாவும் சாப்பிடமாட்டாள். கொல்லைக் கதவுக்கு நேரே உட்கார்ந்துகொள்வாள். கேட்டால், மகன் திரும்பி வந்ததற்கு முருகனுக்கு வேண்டிக்கொண்ட விரதம் என்பாள். நானும் நம்பினேன். எனக்கு என் ரகசியமே பெரிதாக இருந்தது.

இப்படியே ஒன்பது வருசம் போனது. பிறகு ஆத்தா படுத்தாள். பத்து நாள் கஞ்சி மட்டும் இறங்கியது, அப்புறம் அதுவும் இல்லை. கடைசி நாள் மத்தியானம் அவன் ஆத்தாவின் தலைமாட்டில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். நான் கால்மாட்டில் இருந்தேன். வேறு யாரும் அறையில் இல்லை. ஆத்தா கண்ணைத் திறந்து என்னைத்தான் கூப்பிட்டாள். குரல் தெளிவாக இருந்தது.

"ஏண்டி, எனக்குத் தெரியாதுண்டு நெனச்சியா? தலையைத் தொட்டப்பவே தெரியும். பெத்த தலை தெரியாதா? பசிச்சு வந்த புள்ளையை எப்படி எந்திரிக்கச் சொல்றது? நீயாவது ஒரு நாளு வந்து, ஆத்தா, தம்பிக்கு எலை போடுவோம்ண்டு சொல்லுவேண்டு ஒவ்வொரு தைக்கும் காத்திருந்தேன். நீ வாயைத் திறக்கல."

உனக்காகத்தான் ஆத்தா என்று சொல்ல நினைத்தேன். அவளும் எனக்காகத்தான் இருந்தாளோ என்னவோ. இரண்டு பேருமாகச் சேர்ந்து என் தம்பியை ஒன்பது வருசம் பட்டினி போட்டிருந்தோம்.

"சரி, விடு" என்றாள் ஆத்தா. "நான் போறேன்ல. நான் போயி அவனுக்கு ஆக்கிப் போட்டுக்கிறேன்."

அதைக் கேட்டு, தலைமாட்டில் இருந்தவன் தன் கையை உருவிக்கொள்ளப் பார்த்தான். ஆத்தா விடவில்லை. மூச்சு அடங்கி வெகுநேரம் கழித்து, அந்த விரல்களை ஒவ்வொன்றாக நான்தான் பிரித்து எடுத்தேன்.